காணோம் என்றால் இல்லை என்று அர்த்தமா? பல்லுயிர் ஆய்வுத் திட்டங்கள் எண்ணும் விதம்

மழை பெய்து ஓய்ந்த ஓர் இரவில் ஒருவர் ஒரு குளத்துக்குப் போகிறார். கரையெங்கும் தவளைச் சத்தம். ஒரு மணி நேரத்தில் 40 தவளைகளைக் குறித்துக்கொண்டு திரும்புகிறார். அடுத்த ஆண்டு வேறொருவர், மழையில்லாத மாதத்தில், நண்பகலில் அதே குளத்துக்குப் போகிறார். கண்ணில் பட்டவை 3. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, ‘ஒரே ஆண்டில் தவளைகள் அழிந்துவிட்டன’ என்று எழுதினால் அந்த முடிவுக்கு எந்த மதிப்பும் இல்லை. குளத்தில் ஒரு தவளைகூடக் குறையாமல் இருந்திருக்கலாம். நேரம் மாறியது, மழை மாறியது, பார்த்த கண்கள் மாறின.

பல்லுயிர் ஆய்வுத் திட்டம் என்று சொல்வதெல்லாம் அடிப்படையில் இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காக உருவானதுதான். அரிய உயிரினத்தைத் தேடிக் காட்டுக்குள் போவது அதில் ஒரு சிறு பகுதி. பெரும்பகுதி உழைப்பு வேறொன்றுக்குப் போகிறது: ஒரே இடத்தில், ஒரே முறையில், ஆண்டுக்கணக்கில் எண்ணுவது, எண்ணும்போது கண்ணுக்குத் தப்பியவை எவ்வளவு என்று கணக்கிடுவது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் பாதுகாப்பு நடவடிக்கை பலன் தந்ததா இல்லையா என்பதைக்கூட யாராலும் சொல்ல முடியாது.

கேள்வியில் தொடங்குகிறது

‘இங்கே என்னென்ன இருக்கின்றன?’ என்பது ஒரு கேள்வி. ‘இருப்பவை கூடுகின்றனவா, குறைகின்றனவா?’ என்பது இன்னொன்று. ‘ஏன் குறைகின்றன?’ என்பது மூன்றாவது. ‘இதைச் செய்தால் மீளுமா?’ என்பது நான்காவது. கேட்க ஒன்றுபோல இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் வேலைத்திட்டம் வேறு.

முதல் கேள்விக்குப் பட்டியல் போதும். அதற்கு எல்லா மூலைகளிலும், எல்லாப் பருவங்களிலும், எந்த முறையில் வேண்டுமானாலும் தேடலாம். இரண்டாவது கேள்விக்கு அப்படித் தேடக்கூடாது. அங்கே முறையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். புதிய இனம் ஒன்று பக்கத்துப் புதரில் தெரிந்தாலும் முன்பே வகுத்த நடைத்தடத்தை விட்டு விலகக்கூடாது. பட்டியல் போடக் கிளம்பி, பிறகு அந்தத் தரவை வைத்தே ‘மாற்றம்’ பேச முயல்வது புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் மிகப் பொதுவான தவறு. பின்னால் எந்தக் கணக்கு போட்டாலும் இது சரியாகாது.

பட்டியல் முழுமையானதா என்று மதிப்பிட ஓர் எளிய வழி உண்டு. ஒரே ஒரு முறை மட்டும் கிடைத்த இனங்கள் எத்தனை, இரண்டே முறை கிடைத்தவை எத்தனை என்று பாருங்கள். முன்னதை அதே எண்ணால் பெருக்கி, பின்னதன் இரு மடங்கால் வகுத்தால், இன்னும் கண்ணில் படாத இனங்கள் குறைந்தது எத்தனை இருக்கும் என்று தெரியும். சாவோ மதிப்பீடு என்று இதைச் சொல்வார்கள். 60 பூச்சியினங்கள் கிடைத்து, அவற்றில் 12 ஒரு முறையும் 6 இரு முறையும் மட்டும் கிடைத்திருந்தால், 144ஐ 12ஆல் வகுக்க 12 வருகிறது. ஆக அந்த இடத்தில் குறைந்தது 72 இனங்கள். ஒற்றையாகக் கிடைத்தவை குவிந்து கிடக்கும் பட்டியல் இன்னும் பாதியில் நிற்கும் பட்டியல்.

எங்கே எண்ணுவது

காட்டுக்குள் சாலை போகிறது என்றால் எல்லோரும் சாலையோரத்தில்தான் எண்ணுவார்கள். அது வசதி. ஆனால் சாலையோரம் வெளிச்சம் அதிகம், களைச்செடி அதிகம், சில விலங்குகள் அங்கே வரவே வராது. அந்த எண்ணிக்கை சாலையோரத்தைப் பற்றிய எண்ணிக்கை. காட்டைப் பற்றியது ஆகாது.

ஆகவே முதலில் நிலப்பரப்பை வகை பிரிக்க வேண்டும்: ஓடைக்கரை, மேட்டுப்புல்வெளி, அடர்காடு என்று. பிறகு ஒவ்வொரு வகைக்குள்ளும் குலுக்கல் முறையில் இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரைபடத்தில் கட்டம் போட்டுக் கணினியிடம் எண் கேட்டால் போதும். குலுக்கலில் வந்த இடம் முள்ளும் பாறையுமாக இருக்கிறதே என்று நகர்த்திவைத்தால் மீண்டும் பழைய கோளாறு நுழைந்துவிடும். போகவே முடியாத இடம் என்றால் அதைக் காரணத்தோடு எழுதிவைத்துவிட்டு, குலுக்கலின் அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும்.

எத்தனை இடங்கள்? எண்ணுவதற்காக அளந்து வகுத்த துண்டு நிலத்தைத் திடல் என்போம். ஒரு திடலுக்குச் சராசரி 20 செடிகள், திடலுக்குத் திடல் ஏற்ற இறக்கம் 10 (கணக்கியலில் திட்டவிலக்கம்) என்று வைத்துக்கொள்வோம். 4 திடல்கள் போட்டால் சராசரியின் பிழை 5. 25 திடல்கள் போட்டால் 2. திடல்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்கிறோம், அவ்வளவுதான். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு திடல் வேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. மூன்று பெரிய திடல்களைவிட முப்பது சிறிய திடல்கள் பெரும்பாலும் நல்லவை. ஒரே புல்வெளிக்குள் பக்கம் பக்கமாகப் பத்துச் சதுரச் சட்டங்களை (எண்ணும் பரப்பின் எல்லை காட்டத் தரையில் வைப்பவை) வைத்துவிட்டுப் பத்து மாதிரிகள் என்று கணக்குக் காட்டுவது மட்டும் கூடாது. அது ஒரே இடத்தைப் பத்து முறை பார்த்ததுதான். 1984இல் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் இந்தப் பிழைக்குப் ‘போலி மறுசெய்கை’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். சூழலியல் ஆய்வுகளில் அது எவ்வளவு பரவியிருக்கிறது என்றும் காட்டினார்.

இடத்தைத் தேர்ந்தபின் அது தொலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கைபேசியின் இடங்காட்டி திறந்த வெளியிலேயே சில மீட்டர் தவறலாம். அடர்ந்த மரங்களுக்கடியில் இன்னும் தவறும். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை அதை நம்பி மறு ஆண்டு அதே இடத்தில் வைக்க முடியாது. மூலைகளில் இரும்பு முளை அடித்து, அருகிலுள்ள அசையாத பாறையிலிருந்து திசையும் தொலைவும் குறித்து, நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மரத்தை அளப்பதிலும் நுட்பம் உண்டு

நகராத மரத்தை எண்ணுவது எளிது என்று தோன்றும். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1980இல் ஸ்டீபன் ஹபெல், ராபின் ஃபாஸ்டர் என்ற சூழலியலாளர்கள் இருவரும் 50 ஹெக்டேர் திடல் ஒன்றை அமைத்தார்கள். ஒரு கிலோமீட்டர் நீளம், அரை கிலோமீட்டர் அகலம். அதற்குள் 1 செ.மீ. விட்டமும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு மரமும் அளக்கப்பட்டு, எண் தகடு மாட்டப்பட்டு, வரைபடத்தில் குறிக்கப்பட்டது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள், சுமார் 300 இனங்கள். 1985 முதல் ஐந்தாண்டுக்கு ஒரு முறை திரும்ப அளக்கிறார்கள். அதே முறையில் உலகின் பல காடுகளில் திடல்கள் எழுந்தன; முதுமலையில் இந்திய அறிவியல் நிறுவனத்தினர் 1988இல் தொடங்கிய 50 ஹெக்டேர் திடலும் அவற்றில் ஒன்று.

இந்த வேலையில் பிழை நுழையும் வழிகள் பார்க்கச் சாதாரணமானவை. விட்டத்தைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பது வழக்கம். சரிவில் நிற்கும் மரத்துக்கு எந்தப் பக்கத்துத் தரை? மேட்டுப் பக்கம் என்று வைத்துக்கொண்டால் எல்லோரும், எல்லா ஆண்டும் மேட்டுப் பக்கம்தான். பலகை வேர் உள்ள மரத்தை 1.3 மீட்டரில் அளந்தால் வேரைத்தான் அளப்போம். ஆகவே வேர் முடியும் இடத்துக்கு மேலே அளந்து அந்த உயரத்தையும் எழுத வேண்டும். ஐந்தாண்டில் வேர் மேலேறிவிட்டால் அளக்கும் இடமும் மேலேறும். அடிமரத்தைவிட மேல்மரம் ஒல்லி என்பதால் மரம் ‘இளைத்துப்போனதாக’த் தரவு காட்டும். இதற்காகவே அளந்த இடத்தில் வண்ணக்கோடு போடுகிறார்கள். அளவிடம் மாறினால் பழைய இடம், புதிய இடம் இரண்டிலும் ஒரு முறை அளக்கிறார்கள். தகட்டின் ஆணியை முழுக்க அறையாமல் சில செ.மீ. வெளியே விடுவதும் காரணத்தோடுதான். மரம் பருக்கும்போது தகட்டை விழுங்கிவிடக்கூடாது.

கண்ணுக்குத் தப்பியவை

நகரும் உயிர்களிடம் வந்தால் முழு எண்ணிக்கை என்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். இங்கேதான் ‘கண்டறியும் வாய்ப்பு’ என்ற கருத்து வருகிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு புதர்க்காட்டில் 100 குருவிகள் இருக்கின்றன. நடந்துபோகும் ஆய்வாளருக்கு அவற்றில் 60 தென்படுகின்றன. நான்கு ஆண்டில் புதர் அடர்ந்துவிட்டது. அதே 100 குருவிகளில் இப்போது 45தான் தென்படுகின்றன. வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் கால்வாசி அழிவு. உண்மையில் மாறியது கண்டறியும் வாய்ப்பு, 0.6 ஆக இருந்தது 0.45 ஆனது. இந்த வாய்ப்பைத் தனியே அளந்து எண்ணிக்கையை அதால் வகுத்தால் இரு ஆண்டுக்கும் 100 வரும்.

அதை எப்படி அளப்பது? ஒரு வழி தொலைவு. நடைத்தடத்திலிருந்து ஒவ்வொரு பறவையும் எத்தனை மீட்டர் தள்ளி இருந்தது என்று குறித்துக்கொண்டே போனால், தொலைவு கூடக்கூடக் கண்ணில் படுவது எப்படிக் குறைகிறது என்று தெரியும். அந்தச் சரிவிலிருந்து தப்பியவற்றைக் கணக்கிடலாம். தடத்தின் மேலேயே இருப்பது ஒன்றும் தப்பாது என்பதும், நம்மைக் கண்டு நகர்வதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுகிறோம் என்பதும் இந்தக் கணக்கின் அடித்தளம். வெட்கப்படும் விலங்கு நம் காலடிச் சத்தத்தில் 20 மீட்டர் ஒதுங்கிவிட்டால் கணக்கு குறைத்தே காட்டும்.

இன்னொரு வழி, குறியிட்டு மீண்டும் பிடிப்பது. முதல் நாள் 40 மீன்களைப் பிடித்துக் குறியிட்டு விடுகிறோம். சில நாள் கழித்து 50 மீன்களைப் பிடித்தால் அவற்றில் 10இல் குறி இருக்கிறது. ஐந்தில் ஒன்றில் குறி. ஆகவே குறியிட்ட 40 என்பது மொத்தத்தில் ஐந்தில் ஒன்று. மொத்தம் சுமார் 200. எளிய கணக்கு. ஆனால் அதற்குள் சில நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. குறி உதிர்ந்துவிட்டால் மீண்டும் கிடைத்தவை குறைவாகத் தெரியும், மொத்தம் ஊதிப்போகும். ஒரு முறை சிக்கிய விலங்கு பயந்து பொறியைத் தவிர்த்தாலும் அப்படியே. பொறியில் வைத்த இரைக்கு ஆசைப்பட்டு அதே விலங்கு திரும்பத் திரும்ப வந்தால் மொத்தம் சுருங்கிவிடும். இடையில் பிறப்பு, இறப்பு, வரவு, போக்கு இருக்கக்கூடாது என்பதால் இரண்டு பிடிப்புகளுக்கும் நடுவே நீண்ட இடைவெளி விடுவதில்லை. கையில் கிடைத்தவை மிகக் குறைவு என்றால், மூன்று எண்களுக்கும் ஒவ்வொன்று கூட்டி, விடையில் ஒன்று கழிப்பார்கள். சிறு எண்களில் வரும் மிகைப்பை அது அடக்கும்.

புலிக்கு வரியே குறி. 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளெ காட்டில் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் தானியங்கிக் கேமராக்களை வைத்து இந்தக் கணக்கைப் புலிக்குப் பொருத்தினார். வலப்புற வரியும் இடப்புற வரியும் ஒன்றுபோல இருக்காது என்பதால் பாதையின் இருபுறமும் எதிரெதிரே இரண்டு கேமராக்கள் வைக்க வேண்டும். ஒன்றே வைத்தால் ஒரு புலி இரண்டாக எண்ணப்படும். அதற்கு முன் இந்தியாவில் காலடித் தடங்களை வரைந்து புலிகளை எண்ணினார்கள். ஒரே புலியின் தடம் மணலில் ஒருவிதமாகவும் சேற்றில் வேறுவிதமாகவும் விழும். தடத்தைப் பார்த்து இது இன்ன புலி என்று சொல்வது பெரிதும் ஆள் சார்ந்தது. தப்பியவற்றுக்கான கணக்கும் அந்த முறையில் கிடையாது. ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் புலிகள் இருப்பதாகப் பதிவுகள் சொல்லிக்கொண்டிருக்க, 2005இல் தேடியபோது ஒன்றுகூட இல்லை. அதன் பின்னரே முறை மாறியது. புதிய முறையின் முதல் மதிப்பீடு 2006இல் 1,411. முந்தைய தடக் கணக்கெடுப்பின் எண் 3,642. இரண்டையும் ஒப்பிட்டு ‘பாதிக்கு மேல் அழிந்தது’ என்று சொன்னவர்கள் ஏராளம். அளவுகோல் மாறிவிட்டதால் அந்த ஒப்பீடு செல்லாது. 2006 முதல் வந்த எண்களைத் தமக்குள் ஒப்பிடுவதே முறை.

ஒவ்வொரு தனி விலங்கையும் அடையாளம் காண முடியாதபோது ‘இருக்கிறதா, இல்லையா’ என்பதை மட்டும் கேட்கலாம். ஓர் இனம் அங்கே இருந்து, ஒரு முறை போனால் தென்படும் வாய்ப்பு 0.4 என்றால், மூன்று முறை போயும் தென்படாமல் இருக்க 0.6ஐ மும்முறை பெருக்க வேண்டும்: 0.216. ஐந்தில் ஒரு குளத்தில் ‘இல்லை’ என்று தவறாக எழுதுவோம். ஆறு முறை போனால் இது 0.05க்குக் கீழே வந்துவிடும்.

கருவிகள், அவற்றின் கண்ணிகள்

தானியங்கி ஒலிப்பதிவுக் கருவி இரவு பகல் உட்கார்ந்து கேட்கும். ஆனால் ஒலியை நொடிக்கு எத்தனை முறை பதிகிறது என்பதில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்ணை அதால் பதிய முடியாது. 48 கிலோஹெர்ட்ஸ் வேகம் பறவைக்கும் தவளைக்கும் தாராளம். வௌவாலின் ஒலியோ பல இனங்களில் 24 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிவிடும். அதற்கு 256 அல்லது 384 கிலோஹெர்ட்ஸ் வேண்டும், நினைவட்டையும் அதற்கேற்ப வேகமாக நிரம்பும். எந்தப் பறவையின் குரல் என்று மென்பொருள் சொல்வதை அப்படியே ஏற்கக்கூடாது. ஒவ்வோர் இனத்துக்கும் சில நூறு துண்டுகளை மனிதக் காது கேட்டுச் சரிபார்த்து, எந்த நம்பிக்கை மதிப்பெண்ணுக்கு மேல் ஏற்பது என்று அந்த இடத்துக்கே தனியாக முடிவுசெய்ய வேண்டும்.

நீரிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது இப்போது பரவலாகிவிட்டது. தோல், சளி, கழிவு வழியே உயிரினம் விட்டுச்சென்ற துணுக்குகளை நுண்வடிகட்டியில் பிடித்து, பெருக்கி, வரிசையைப் படித்து, குறிப்புத் தொகுப்போடு ஒப்பிடுகிறார்கள். வலை வீசாமல் மீன் பட்டியல் கிடைக்கிறது என்பது பெரிய வசதி. ஆனால் அந்த உயிர் அங்கே உயிரோடு இருந்ததா, மேலே எங்கோ ஓடையிலிருந்து துணுக்கு மட்டும் மிதந்து வந்ததா என்று டி.என்.ஏ. சொல்லாது, வயது, பால், எத்தனை என்பதும் உறுதியாகத் தெரியாது. குறிப்புத் தொகுப்பில் இல்லாத இனம் பட்டியலிலும் வராது. முந்தைய குளத்தின் ஒரு துளி கையுறையில் ஒட்டியிருந்தாலே அந்தக் குளத்து மீன் இந்தக் குளத்திலும் ‘கிடைக்கும்’. அதனால் ஒவ்வொரு களநாளிலும் தூய நீரை அதே முறையில் வடிகட்டி ஒரு வெற்று மாதிரி எடுப்பது கட்டாயம். வெற்று மாதிரியில் மீன் தெரிந்தால் அன்றைய மாதிரிகள் அனைத்தும் சந்தேகத்துக்குரியவை.

ஆண்டுகள் ஏன் வேண்டும்

ஓர் இனம் ஆண்டுக்கு 5 சதவீதம் குறைகிறது என்றால் 14 ஆண்டில் பாதியாகிவிடும். பேரழிவு. ஆனால் முதல் மூன்று ஆண்டில் வந்த குறைவு வெறும் 14 சதவீதம். பூச்சிகள் மழையைப் பொறுத்து ஓர் ஆண்டில் இரண்டு மடங்காகவும் அடுத்த ஆண்டில் பாதியாகவும் ஆடுபவை. அந்த ஆட்டத்துக்குள் 14 சதவீதம் தெரியவே தெரியாது. மூன்றாண்டு நிதியோடு முடிந்துபோகும் கண்காணிப்புத் திட்டங்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. விடை தெரியத் தொடங்கும் நேரத்தில் அவை நின்றுவிடுகின்றன.

நீண்டு நின்றவை எல்லாம் எளிய, மாறாத விதிகளால் நின்றன. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் புல்வெளிச் சோதனை 1856இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. உரமிட்ட துண்டுகளில் விளைச்சல் கூடுவதையும் செடியினங்கள் குறைவதையும் அது தலைமுறைகளாகக் காட்டிவருகிறது. வட அமெரிக்கப் பறவைக் கணக்கெடுப்பு 1966இலிருந்து நடக்கிறது: சுமார் 39 கி.மீ. சாலை, 50 நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் 3 நிமிடம், சூரியன் உதிக்க அரை மணி முன்பு தொடக்கம். பிரிட்டனின் பட்டாம்பூச்சிக் கண்காணிப்பு 1976இலிருந்து: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 26 வாரம், வாரம் ஒரு நடை, 5 மீட்டர் அகலத்துக்குள் தெரிவது மட்டும். வெப்பம் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் நடப்பதில்லை. விதி இவ்வளவு சிறியதாக இருப்பதால்தான் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களால் அதைப் பிசகாமல் பின்பற்ற முடிகிறது.

தொடர்ச்சி விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் கிரேஃபெல்ட் பூச்சித் தரவு நல்ல பாடம். 63 பாதுகாப்பிடங்களில் கூடார வடிவப் பொறிகளை வைத்து, விழுந்த பூச்சிகளின் எடையை 27 ஆண்டுகளாகப் பதிந்திருந்தார்கள். 2017இல் வெளிவந்த முடிவு உலகை உலுக்கியது: பறக்கும் பூச்சிகளின் எடை 75 சதவீதத்துக்கு மேல் சரிந்திருந்தது. அதே ஆய்வின் மீது எழுந்த முக்கியக் கேள்வி, பெரும்பாலான இடங்களில் ஒரே ஓர் ஆண்டு மட்டுமே பொறி வைக்கப்பட்டிருந்தது என்பது. ஆய்வாளர்கள் வானிலை, நிலப்பயன்பாடு, வாழிடம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டுவந்து ஈடுகட்டினார்கள். சரிவு அப்போதும் நின்றது. ஆனால் அதே இடங்களில் ஆண்டுதோறும் பொறி இருந்திருந்தால் அந்த விவாதத்துக்கே இடமிருந்திருக்காது. பொறியின் வடிவத்தையும் துணியையும் அத்தனை ஆண்டும் மாற்றாமல் வைத்திருந்தது அவர்கள் செய்த மிகச் சரியான வேலை.

எப்போதாவது கருவியை மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போது பழையதையும் புதியதையும் குறைந்தது ஒரு முழுப் பருவம், முடிந்தால் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி இரண்டுக்கும் உள்ள விகிதத்தைக் கண்டுகொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் மாற்றினால் மாற்றிய நாளில் பழைய தொடர் செத்துவிடும்.

காரணம் எது?

எண்ணிக்கை குறைகிறது என்று தெரிந்தபின் ‘ஏன்’ என்பதற்கு ஒப்பீடு வேண்டும். ஓர் ஓடையைச் சீரமைக்கிறார்கள். சீரமைப்புக்கு முன் 100 மீட்டருக்கு 20 மீன், பின் 35. வெற்றியா? சீரமைக்காத பக்கத்து ஓடையில் அதே காலத்தில் 22இலிருந்து 30 ஆகியிருந்தால், 15இல் 8 நல்ல மழையின் கொடை. சீரமைப்பின் பங்கு 7. முன்னும் பின்னும், தொட்ட இடத்திலும் தொடாத இடத்திலும் என்று நான்கு எண்கள் வேண்டும். பல மறுசீரமைப்புப் பணிகளில் ‘முன்’ என்ற அளவை எடுக்க யாருக்கும் நேரமிருப்பதில்லை. வேலை முடிந்தபின் அதைத் திரும்ப எடுக்க வழியே இல்லை.

எண்ணிக்கையிலிருந்து காரணத்துக்கும், காரணத்திலிருந்து சட்டத்துக்கும் போன முழுப் பயணத்தைப் பாறுக் கழுகுகளின் (பிணந்தின்னிக் கழுகுகளின்) கதையில் காணலாம். 1991 முதல் 1993 வரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் இந்தியாவின் பல பகுதிகளில் சாலைகளில் பயணித்து, இரைகொல்லிப் பறவைகள் எல்லாவற்றையும் எண்ணினார்கள். அப்போது பாறுகள் ஆபத்தில் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. 1990களின் பிற்பாதியில் பரத்பூரின் கேவலாதேவ் பூங்காவில் பாறுகளின் கூடுகள் வேகமாகக் குறைவதை அதே கழகத்தின் விபு பிரகாஷ் பதிவுசெய்தார். 2000இல் பழைய சாலைகளிலேயே மீண்டும் எண்ணியபோதுதான் நாடு முழுவதும் சரிவு என்று தெரிந்தது. வேறு நோக்கத்துக்காக எடுத்த பழைய தரவு இல்லாதிருந்தால் அந்த ஒப்பீடு இல்லை. 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் வீழ்ந்தது.

முதலில் சந்தேகப்பட்டது தொற்றுநோயை. பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தது. பலவற்றில் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது. கால்நடைகளுக்குப் போடும் வலிநிவாரணியான டைக்ளோஃபெனாக்கைத் தேடினார்கள். அந்தப் படிவு இருந்த 25 பறவைகளிலும் மருந்து இருந்தது. படிவு இல்லாத 13இல் ஒன்றிலும் இல்லை. அத்தோடு நிறுத்தவில்லை. மருந்தூட்டிய கால்நடையின் இறைச்சியைப் பாறுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அதே நோய் வந்தது. 2004இல் முடிவு வெளியானது. நூறு கால்நடைச் சடலங்களில் ஒன்றுக்கும் குறைவாக மருந்து இருந்தாலே இந்த வீழ்ச்சிக்குப் போதும் என்று தனிக் கணக்கீடு காட்டியது; ஒரு சடலத்தைப் பல பறவைகள் கூடி உண்கின்றன, ஆண்டுக்கு ஒரு முட்டைக்கு மேல் இடாத பறவையால் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது.

தடை கேட்பதற்கு முன் மாற்று மருந்து வேண்டும், இல்லாவிட்டால் கால்நடை வளர்ப்பவர் என்ன செய்வார்? மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணி பாறுகளுக்குத் தீங்கு செய்யவில்லை என்று சோதனைகள் காட்டின. 2006இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடைசெய்தன. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால் 2015இல் இந்தியா அந்தக் குப்பியின் அளவையே கட்டுப்படுத்தியது. பாறுகளுக்குக் கேடான வேறு வலிநிவாரணிகளான கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் இரண்டும் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து 2023இல் விலக்கப்பட்டன. ஒவ்வொரு படியிலும் அதே சாலைகளில் எண்ணும் வேலையும், சடலங்களில் மருந்து தேடும் வேலையும் நிற்கவில்லை. தடை தாளில் இருக்கிறதா, களத்தில் இருக்கிறதா என்பது அதில்தான் தெரிந்தது.

இப்படித் திரளும் எண்களே, எந்த இனம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் சிவப்புப் பட்டியலுக்கும் போகின்றன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் அளவுகோல்களில் ஒன்றின்படி, பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இவற்றில் எது நீண்டதோ அந்தக் காலத்தில் 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் ‘அழிவாய்ப்புள்ளது’, 50 என்றால் ‘அருகிவருவது’, 80 என்றால் ‘மிகவும் அருகிவருவது’.

அந்தக் குளத்துக்கே திரும்பினால்

தொடக்கத்தில் சொன்ன தவளைக் கணக்கைச் சரியாகச் செய்வது எப்படி? ஒரு குளம் போதாது, குறைந்தது எட்டுக் குளங்கள் வேண்டும். இனப்பெருக்கப் பருவத்தில் ஒவ்வொரு குளத்துக்கும் மூன்று இரவுகள், நல்ல மழை பெய்த இரண்டு நாளுக்குள். சூரியன் மறைந்து அரை மணி கழித்துத் தொடக்கம். கரைக்கு வந்ததும் 5 நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். நம் வரவால் அடங்கிய குரல்கள் திரும்ப வர அவ்வளவு நேரமாகும். பிறகு 5 நிமிடம் கேட்டு, இனவாரியாகக் குறிக்க வேண்டும்: குரல் இல்லை என்றால் 0, தனித்தனியாக எண்ண முடிந்தால் 1, ஒன்றன் மேல் ஒன்று விழுந்தாலும் பிரித்துக் கேட்க முடிந்தால் 2, ஒரே இரைச்சல் என்றால் 3. அந்த 0 மிக முக்கியம். எதுவும் கேட்கவில்லை என்று தாளை வெறுமையாக விட்டால், போனார்களா இல்லையா என்பதே பின்னால் தெரியாது.

தொடங்கிய நேரம், முடித்த நேரம், காற்று வெப்பம், நீர் வெப்பம், கடைசி மழை, காற்று, நிலவு, கேட்டவர் பெயர் எல்லாம் அதே தாளில். ஒருவரே எப்போதும் ஒரே குளத்துக்குப் போகாமல் சுழற்சியில் போக வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய காதின் கூர்மை குளத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். தாளை அன்றிரவே படம் எடுத்து வைப்பது, மறுநாளுக்குள் கணினியில் ஏற்றுவது, சந்தேகமான இனத்துக்குக் குரல்பதிவு வைத்துக்கொள்வது. ‘இன்னதாக இருக்கலாம்’ என்று தோன்றினால் பேரினப் பெயரோடு நிறுத்திவிடலாம். துணிந்து எழுதிய தவறான பெயரைப் பத்தாண்டு கழித்துத் திருத்த முடியாது. தவளையைக் கையால் பிடிக்க வேண்டியதில்லை. பிடிப்பதென்றால் அதற்கு வனத்துறை போன்ற உரிய அமைப்பின் அனுமதி வேண்டும், கையில் கொசுவிரட்டிக் களிம்பு இருக்கக்கூடாது. தவளையின் தோல் அதை உறிஞ்சிவிடும். ஒரு குளத்திலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் காலணியின் சேற்றைத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, உலர விட வேண்டும். உலகெங்கும் தவளையினங்களை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சை ஈரச் சேற்றில் பயணம் செய்யும்.

முதல் ஆண்டுத் தரவை வைத்துத் தவளைகள் கூடினவா குறைந்தனவா என்று பேச முடியாது. முறை தாங்குமா என்று பார்க்கலாம். எட்டில் ஐந்து குளங்களில் ஓர் இனம் ஒரு முறையாவது கேட்டது. அந்த ஐந்திலும் சேர்த்து 15 வருகைகளில் 9இல் கேட்டது என்றால் கண்டறியும் வாய்ப்பு மேலோட்டமாக 0.6. ஒரு முறைகூடக் கேட்காத குளங்களை விட்டுவிட்டுக் கணக்கிட்டதால் உண்மை மதிப்பு இதைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். இருந்தாலும் மூன்று வருகையில் தப்பும் வாய்ப்பு 0.4ஐ மும்முறை பெருக்கியது, அதாவது 0.06க்குச் சற்று மேல். பெரிய குறையில்லை, மூன்றே தொடரலாம். இன்னோர் இனத்துக்கு வாய்ப்பு 0.3தான் என்று வந்தால், அதே 0.05க்குக் கீழே வர ஒன்பது வருகைகள் வேண்டும். ஒன்பது இரவுக்கு ஆள் இல்லையென்றால் அந்த இனம் அதிகம் கத்தும் நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு குளத்தில் இரவு முழுக்க ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, எந்த மணியில், மழைக்கு எத்தனை மணி நேரம் கழித்து அதன் குரல் உச்சத்தில் இருக்கிறது என்று பார்த்து, இரண்டாம் ஆண்டு தொடங்குமுன் வருகை நேரத்தை அதற்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றுவதற்கு உகந்த காலம் அதுதான்; ஐந்து ஆண்டுத் தொடர் சேர்ந்தபின் மாற்றினால் விலை அதிகம்.